உள்பக்க முடிச்சு

"வாய் வேண்டாம்."

"வாய் இல்லாம எப்படிம்மா? ஆளு எங்கன உக்காருவாங்க?"

"யாரும் உட்காரப் போறதில்லை. மேல்பக்கம் பூரா மூடித் தைச்சுடுங்கோ. ஒரு விரல்கூட உள்ளே போகக் கூடாது."

"தண்ணியில விடுற சாமான்லா இது?"

"இனிமே விடப் போறதில்லை."

சஃபீனா கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாளை நன்றாகப் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். பேர் மானசா, வீடு மாட்டுங்கா என்று சொல்லியிருந்தாள். பேங்கில் வேலை போல. கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அவள் பேசியதெல்லாம் சஃபீனாவிடம்தான், ஆனால் பார்வை மட்டும் தரையில் கிடந்த படகை விட்டு நகரவில்லை.

தாராவியில் பை தைக்கிறவளிடம் யார் யாரோ என்னென்னவோ கொண்டு வருவார்கள். தபலாவுக்கு உறை, கோயில் குடைக்குத் துணி, ஒரு தடவை நாய்க்கு மழைக்கோட்டு. படகு வந்தது இதுதான் முதல் தடவை. செம்பூரில் போட்டுவைத்திருந்த ஷெட்டிலிருந்து டெம்போவின் தலையில் கட்டி வந்து இறங்கியது. கயாக் என்று பேர். இரண்டு முனையும் ஊசி மாதிரி கூர்ந்து, ஒரே ஒரு ஆள் காலை நீட்டி உட்காரும் அகலத்தில், நீண்டு மெலிந்த ஒரு மரக்கூடு. அதில் ஆணி ஒன்றுகூட இல்லை. ஆவியில் வளைத்த மர விலாக்கள், அவற்றின்மேல் நெடுக ஓடும் சட்டங்கள், எல்லாமே கயிற்றுக் கட்டுதான். கூட்டின்மேல் துணியைப் போர்த்தி இழுத்துத் தைத்துவிட்டால் அது படகு. மேலே நடுவில், ஆள் இறங்கி உட்கார ஒரு வட்டத் துளை இருக்கும். அதைத்தான் சஃபீனா வாய் என்றாள். பை தைக்கிறவர்களுக்கு எந்தத் துளையும் வாய்தான்.

மானசாவின் கணவர் மகேஷ்குமார் அதைத் தன் கையாலேயே செய்தாராம். இந்தப் படகுகளைக் கடையில் வாங்குவதில்லையாம். ஓட்டுகிறவனின் உடம்புதான் அளவு. கை விரித்தால் எவ்வளவு, இடுப்பு எவ்வளவு, கால் எவ்வளவு என்று பார்த்துச் செய்வது, சட்டை தைப்பது மாதிரி. ஞாயிற்றுக்கிழமைகளில் டிராம்பே பக்கம் ஓடையில் தனியாக ஓட்டுவார். போன மழைக்காலத்தில் அப்படிப் போனவர் திரும்பி வரவில்லை. படகு மட்டும் சீத்தா கேம்புக்குப் பின்னால் அலையாத்திச் செடிகளுக்குள் ஒதுங்கிக் கிடந்தது. இவ்வளவையும் மானசா பஸ் ரூட் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஹால்ல தொங்கவிடப் போறீங்களாக்கும்?"

"அப்படித்தான்னு வெச்சுக்கோங்கோ."

போகும்போது குனிந்து, காய்ச்சல் பார்ப்பதுபோலக் கிழிந்த துணியின்மேல் உள்ளங்கையை வைத்தாள். பிறகு குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனாள்.

சஃபீனாவின் பட்டறை ஒரு பழைய தோல் கிடங்கு. தோல் வியாபாரம் போய் எத்தனையோ வருஷமாகியும் சுவரிலிருந்து அந்த உப்பும் சுண்ணாம்பும் கலந்த நெடி போகவில்லை. மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும்போது அது எழுந்து வந்து பை ஒட்டும் சொல்யூஷன் வாசனையோடும் பக்கத்து பேக்கரியின் கருகிய ரொட்டி வாசனையோடும் சேர்ந்து, தலைக்கு மேலே தகரக் கூரையில் மழை ஓயாமல் பொரிந்துகொண்டிருக்க, அந்த நீளமான அரை இருட்டில் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். அவளுக்கு அது பழக்கம். ஆனால் அன்று படகின் பழைய துணியைப் பிரிக்க உட்கார்ந்தபோது வந்தது வேறு வாசனை. ஓடைச் சேறு. வருஷம் ஒன்றாகிவிட்டது, துணி காய்ந்து மொறமொறவென்று இருந்தது. சேறு மட்டும் இன்று காலை மிதித்ததுபோல மணத்தது.

துணியை நெடுகக் கத்தியால் கிழித்திருந்தார்கள். அவள் தையலைத் தேடிக்கொண்டு நடுப்பகுதிக்கு வந்தாள். அங்கே வாய் இருக்க வேண்டும். வாயின் மர வளையமும் இருந்தது. ஆனால் வளையத்துக்குக் குறுக்கே ஒரு துணி இழுக்கப்பட்டு, ஓரம் முழுக்க நெருக்கமாகத் தைக்கப்பட்டிருந்தது. அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் திருப்பினாள். நூல் கோத்திருந்த ஊசியைச் சேலையில் குத்திவிட்டு எழுந்து வாசலுக்குப் போனாள்.

"லேய் பைசான். இங்க வா. இதைப் பாரு."

தம்பி பைசான் போனைப் பார்த்துக்கொண்டே வந்தான். "என்னது?"

"முடிச்சு உள்ள இருக்கு."

"இருந்தா?"

"தைக்கிறவன் எந்தப் பக்கம் இருக்கானோ அந்தப் பக்கம்தான் முடிச்சு விழும். பைன்னா திருப்பிப் போட்டுத் தைக்கலாம். இம்மாம் பெரிய கூட்டை எப்படித் திருப்ப?"

"அப்போ உள்ள உக்காந்து தச்சிருக்கான்."

"தச்சுட்டு?"

பைசான் சிரித்தான். "தச்சுட்டு, ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போயிருப்பான். டென்ஷன் மத் லே, விட்டுத் தள்ளு லாத்தா. நீ ஒரு முடிச்சை வச்சுக்கிட்டு ராத்திரி பூரா முழிச்சிருப்ப."

அவன் சிரித்தால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும். வாப்பாவும் உம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. இதே பட்டறையில், தோல் துண்டுகளின் நடுவே உட்காரவைத்து, அழாமல் இருக்க ஊசியும் நூலும் கொடுத்துத்தான் அவனை வளர்த்தாள். அவனுக்குத் தையல் வரவே இல்லை. ஒரு தையல் நீளம், ஒன்று குட்டை, மூலைக்கு வந்தால் ஒரே குழப்பம். எலி கடித்த மாதிரி இருக்கும். இப்போது தோஹாவில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் பிளைட். போகாதே என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. நல்ல வேலை, எப்படிச் சொல்வது? ஆனால் சோறு வைக்கும்போதும் பெட்டி அடுக்கும்போதும் அந்த வார்த்தை தொண்டையிலேயே நின்றது. ஏதாவது வந்து இவனை இங்கேயே நிறுத்திவிடாதா என்று மனசின் ஒரு மூலை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

வாய் வைக்காமல் தைக்க அவளுக்குக் கை வரவில்லை. அந்த அம்மா துக்கத்தில் ஏதோ சொல்கிறாள், நாளைக்கே மனசு மாறினால் புதுத் துணியை மறுபடி கிழிக்க வேண்டும். வாய் வைத்துவிடுவோம், வேண்டவே வேண்டாம் என்றால் மூடி ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணினாள். அப்புறம் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பையையும் வெறுமனே கொடுக்கமாட்டாள். டிபன் பை என்றால் டிபன் கேரியரை, லேப்டாப் பை என்றால் லேப்டாப்பை உள்ளே வைத்துப் பார்த்துத்தான் கொடுப்பாள். படகுக்குள் வைக்க வேண்டியது ஆள்.

"பைசான், கொஞ்சம் உள்ள இறங்கி உக்காரு. வாய்க்கு அளவு பாக்கணும்."

அவன் துணியில்லாத கூட்டுக்குள் இறங்கி, காலை நீட்டிப் படுத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டான். "சந்தூக்கு மாதிரி இருக்கு லாத்தா. நாலு பேரைக் கூப்பிடு, தூக்கிட்டுப் போவட்டும்."

அவன் தலையில் ஓங்கித் தட்டினாள். "வாயில நல்லதே வராதா உனக்கு? எந்திரிச்சு நேரா உக்காரு."

அவனுக்கு அது பெரிதாகத்தான் இருந்தது. கால் வைக்கும் கட்டை பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. இடுப்பின் இரு பக்கமும் முஷ்டி நுழைந்தது. மகேஷ்குமார் நெடிய மனிதராக இருந்திருக்க வேண்டும். அவள் வளையத்துக்கு மட்டும் சாக்பீஸால் அளவு போட்டுக்கொண்டாள்.

நைலான் துணியை நனைத்து, ஈரத்தோடு இழுத்துத் தைக்க வேண்டும். காயக் காயத் துணி இறுகும், விரலால் சுண்டினால் தம்பட்டம் மாதிரி பேசும். இரண்டு முனையிலிருந்தும் நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு வந்தாள். வளைந்த ஊசி துணியைக் குத்தி ஏறும் சத்தமும், மெழுகு நூல் இழுபடும் சத்தமும், தகரத்தில் மழையும். இடையிடையே கூடு முனகியது. புது ஈரம், மரம் ஊதுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் துணி காய்ந்திருந்தது, ஒரு இடத்தைத் தவிர. அடிப்பக்கத்தில், வாய்க்கு நேர் கீழே ஈரம் கறுப்பாக அப்பிக் கிடந்தது. அங்கிருந்து இரண்டு நீளக் கோடுகளாக முன்னால் ஓடி, கால் வைக்கும் கட்டையருகே முடிந்தது. காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் ஒருவரின் வடிவம். அவள் டேபிள் ஃபேனை அந்தப் பக்கம் திருப்பி வைத்தாள். சாயங்காலம்வரை ஓடியும் அந்த இடம் காயவில்லை.

புது வளையத்தை வைத்துச் சரிபார்க்க, பைசானை மறுபடி இறங்கச் சொன்னாள். அவன் வாய் வழியாகக் காலை விட்டு இறங்கி உட்கார்ந்தான். கச்சிதம். பாதம் கட்டையில் போய் அமர்ந்தது. இடுப்புக்கும் மரத்துக்கும் நடுவே அவளால் ஒரு விரலைக்கூட விட முடியவில்லை.

"அன்னைக்கு லூசா இருந்துச்சே?" என்றாள்.

"துணி இறுகிருக்கும். நீதானே சொன்ன." அவன் குரலில் கேலி இல்லை. ஏதோ தூக்கம் வருவதுபோலப் பேசினான். "நல்லாருக்கு லாத்தா. உள்ள மழைச் சத்தமே கேக்கல."

"போதும், எந்திரி."

"இரு. கொஞ்ச நேரம்."

அவன் எழுந்து வர நேரமாயிற்று.

வளையத்தைச் சுற்றி இன்னும் கொஞ்சம் தையல் பாக்கி இருந்தபோது நூல் தீர்ந்துபோனது. அந்தக் கனத்தில் மெழுகு நூல் மாட்டுங்காவில் ஒரு தார்ப்பாய்க் கடையில்தான் கிடைக்கும். பட்டறையைப் பார்த்துக்கொள் என்று பைசானிடம் சொல்லிவிட்டு மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பினாள். நூல் கண்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டபோது, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, வாய் வைத்த விஷயத்தை நேரிலேயே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. மானசாவின் பில்டிங் பூக்கடைகளுக்கு அடுத்த சந்தில்தான் இருந்தது.

ஹால் சுத்தமாக இருந்தது. உட்கூரையிலிருந்து இரண்டு அகலமான பட்டைகள் தொங்கின, படகைத் தாங்குவதற்கு. அழகுக்கு மாட்டுகிற உயரத்தில் இல்லை, மிகவும் தாழ இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தால், தொங்கும் படகு சரியாகக் காதருகே வரும்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. வாய் வச்சுட்டேன். வேண்டாம்னா நாளைக்கே மூடிருதேன்."

காபி டம்ளரை நீட்டிய மானசாவின் கை நின்றது. "அளவு எப்படி எடுத்தேள்?"

"தம்பிய உக்கார வச்சுத்தான்."

"உள்ளேயா?"

"உள்ளதான். ஏன்மா?"

"இப்போ அவன் எங்கே?"

"பட்டறையில."

"தனியாவா?"

மானசா டம்ளரை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். குரல் அன்று போலவே தட்டையாக இருந்தது.

"படகு கிடைச்சப்போ மேல மூடியிருந்தது. மீன்காரா தூக்கிண்டு வந்து கரையில போட்டா. நான் கிட்டப் போனேன். உள்ளேர்ந்து மகேஷ் பேசினார். பயந்து கத்தல்லாம் இல்லை. ஆபீஸ்லேர்ந்து வந்து செருப்பைக் கழட்டிண்டே பேசுவாரே, அப்படி. என்கிட்ட ஏதோ கேட்டார். என்னன்னு காதுல வாங்கறதுக்குள்ள கத்தியைப் பிடுங்கிக் கிழிச்சுட்டேன்."

"பொறவு?"

"தண்ணி கொட்டித்து. வெறும் ஓடைத் தண்ணி. உள்ளே ஒண்ணும் இல்லை." அவள் தொங்கிய பட்டையைப் பிடித்துக்கொண்டாள். "கிழிக்கிற வரைக்கும் இருந்தார், சஃபீனா. கிழிச்சதுக்கப்புறம்தான் இல்லை. அதான் திரும்ப மூடச் சொன்னேன். மூடினா பேசுவாரோன்னு. வாயைத் திறந்து வெச்சு, உள்ளே வேற ஆளை..."

சஃபீனா படியிறங்கிவிட்டாள்.

போன் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. டாக்ஸிக்காரன் தாராவி என்றதும் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அங்கே தண்ணீர் நிற்கிறதாம். அவள் நடந்தாள். மாட்டுங்கா லேபர் கேம்ப்பைத் தாண்டும்போது கணுக்காலுக்கு இருந்த தண்ணீர் தொண்ணூறு அடி ரோட்டில் முழங்காலுக்கு ஏறியது. கறுப்புத் தண்ணீர், மேலே பிளாஸ்டிக் தட்டுகளும் செருப்புகளும் மிதந்தன. சாயங்காலம்கூட ஆகவில்லை, ஆனால் மேகம் கூரைகளின்மேல் வந்து உட்கார்ந்திருந்தது. எந்தக் கடையிலும் விளக்கு இல்லை. கரண்ட் போயிருந்தது. தண்ணீரைக் கிழித்து நடக்கும் தன் கால்களின் சத்தத்துக்குப் பின்னால் வேறு ஏதோ மெதுவாகத் துடுப்புப் போடுவதுபோல இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி போன் அடித்தாள்.

சந்துக்குள் திரும்பியபோது அவன் போன் அடிப்பது கேட்டது.

பட்டறைக்குள்ளிருந்துதான் கேட்டது. போர்வைக்குள் அடிப்பதுபோல அமுங்கி.

ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. குனிந்து நுழைந்தாள். உள்ளே தண்ணீர் வரவில்லை. ஆனாலும் சேற்று வாசனை. மூச்சை அடைக்கும் சேற்று வாசனை.

"பைசான்?"

அவன் செருப்பு படகின் பக்கத்தில் இருந்தது. ஒழுங்காக, பள்ளிவாசலில் விடுவதுபோல, ஜோடியாக.

போன் நின்றது. இருட்டு. பிறகு படகுக்குள் ஒரு வெளிச்சம் எரிந்தது.

போன் டார்ச். வெள்ளைத் துணி முழுவதும் உள்ளிருந்து மங்கலாக ஒளிர்ந்தது. விலாக்கள் வரிவரியாகத் தெரிந்தன. அவற்றின் நடுவே, முதுகை வளைத்து, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த ஒரு நிழல்.

வாயைக் காணோம்.

வளையத்துக்குக் குறுக்கே துணி இழுக்கப்பட்டிருந்தது. வேலை மேஜையில் மிச்சமாய்க் கிடந்த துண்டுதான். ஓரம் முழுக்கத் தையல், பழைய துணியிலிருந்து அவள் பிரித்துப்போட்ட நூலில். ஒன்று நீளம், ஒன்று குட்டை. எலி கடித்த மாதிரி.

முடிச்சு ஒன்றுகூட வெளியே தெரியவில்லை.

ஒரு ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி. அதன் வழியே அவளுடைய வளைந்த ஊசியின் முனை எட்டிப் பார்த்தது. நின்றது. உள்ளே போனது.

மேஜையில் தோல் வெட்டும் கத்தி இருந்தது. அவள் கை அதை எடுத்துவிட்டது. படகின் பக்கத்தில் மண்டியிட்டாள். கத்தி துணியைத் தொட்டது. இறுகிய துணி, தொட்டதுமே தம்பட்டம்போல மெல்ல அதிர்ந்தது.

கிழிக்கிற வரைக்கும் இருந்தார்.

கத்தி நின்றது.

"வந்துட்டியா லாத்தா?" பைசானின் குரல்தான். பதற்றம் கொஞ்சமும் இல்லை. சின்ன வயதில் தோல் துண்டுகளின் நடுவே உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, தைத்ததைக் காட்டக் கூப்பிடுவானே, அந்தக் குரல். "பாரு, முக்காவாசி முடிச்சுட்டேன்."

"பைசான்." அவளுக்குத் தன் குரலே கேட்கவில்லை. "வெளிய வா, ராஜா. லாத்தா சொல்லுதேன்லா."

"நான் எங்கயும் போவல லாத்தா. தோஹா எல்லாம் வேண்டாம். இங்கனயே இருக்கேன்."

அவள் கேட்க ஆசைப்பட்ட சொல். அவள் யாரிடமும் சொல்லாத சொல்.

துணியின்மேல் நிழல் அசைந்தது. அவள் கண்ணைக் கொட்டாமல் பார்த்தாள். வாயின் ஓரத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள ஒரு கை. ஊசியை இழுக்க ஒரு கை.

போனை உயர்த்தி வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது இன்னொரு கை. நீளமான கை.

மழை நின்றதா, அவள் காதுதான் அடைத்ததா, தெரியவில்லை. இடது கையில் கத்தி. தோளில் தொங்கிய பைக்குள், நனையாமல் பிளாஸ்டிக் சுற்றிய புது நூல்கண்டு.

இடைவெளி வழியாக இரண்டு விரல்கள் வெளியே வந்தன. சேறு படிந்திருந்தன. அவள் முகத்துக்கு நேரே விரிந்து, காத்திருந்தன.

"நூல் பத்தல லாத்தா. இன்னும் ரெண்டே ரெண்டு தையல்தான். உன் பையில இருக்குல்லா, அதைக் கொஞ்சம் கொடேன்."